சிமெண்ட் மிஷின் இன்ஜின் ரேஸுக்குப் போன கதை

கார்ட் ரேஸில் ஜெயித்தால் ஓட்டியவர் ஜெயித்தார், தோற்றால் இன்ஜின் தோற்றது. எங்கள் தொழிலின் முதல் சட்டம் இதுதான். ஜெயித்தவர் கோப்பையோடு வீட்டுக்குப் போய்விடுவார். தோற்ற இன்ஜின் நேராக லிங்கராஜபுரத்தில் என் பட்டறை மேஜைக்கு வந்து சேரும். பின்னாலேயே தோற்றவரும் வந்து சேர்வார்.

கூரை, கதவு, ஸ்பிரிங் எதுவும் இல்லாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டும் குட்டி வண்டிதான் கார்ட். அதற்கு இன்ஜின் பார்ப்பது என் வேலை. பெயர் ரெஜினா. “இன்ஜின் பாக்கறவரு எங்கம்மா?” என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொன்ன விதம் அச்சில் ஏற்ற லாயக்கில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். காலையில் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்து, உதைத்து, திட்டி, கடைசியில் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பிக்கொண்டு ஆபீஸ் போன பாவப்பட்ட ஜென்மங்களே, நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

ஐந்து வண்டி ஊர்வலம்

எங்கள் பெங்களூர் ட்ராக்கில் ரேஸ் என்றாலே டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய வெளிநாட்டுச் சரக்கு. வீல் என்று கத்தும், அம்பாகப் பறக்கும், நாலு ரேஸுக்கு ஒரு பிஸ்டனைத் தின்னும். அடுத்த பிஸ்டன் கப்பலேறி வருவதற்குள் சீசனே முடிந்துவிடும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டு ட்ராக்குகளுக்குப் போய்விட்டார்கள். வசதியில்லாதவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பொம்மை ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் கோட்டில் எண்ணிப் பார்த்தால் ஐந்தே வண்டி. அதிலும் ஒன்று முதல் சுற்றிலேயே படுத்துக்கொண்டது.

ட்ராக்கின் சொந்தக்காரர் கௌடர், ஊர் ஓரத்தில் தன் அப்பா ராகி விளைவித்த நிலத்தில் ஆசைப்பட்டுத் தார் போட்டவர். இப்போது பக்கத்திலேயே அடுக்குமாடி வந்துவிட்டது. சத்தம் தாங்கவில்லை என்று வாரா வாரம் புகார். அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று ஒரு பார்ட்டி வந்து டேப் பிடித்து அளந்துவிட்டும் போனது. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். நான் தலை நிமிர்ந்து நடந்த இடமும் அது ஒன்றுதான். “சார், நாம ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறலாம். சத்தம் கம்மி, செலவு கம்மி, புது ஆளுங்க வருவாங்க. ஒரே ஒரு சான்ஸ் குடுங்க” என்று போய் நின்றேன். கௌடர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“ஆயித்தும்மா. தீபாவளி முடிஞ்சு மொதல் ரேஸ். கோட்டுல பன்னெண்டு வண்டி நின்னா ட்ராக்கு. ஒண்ணு கொறைஞ்சாலும் மண்டபம். உங்க வீட்டு விசேஷத்துக்கு வேணா வாடகையில கொறைச்சுக்கறேன்.”

பெண் பார்க்கும் படலம்

ஃபோர் ஸ்ட்ரோக் என்று வாயால் சொல்லிவிட்டேன். எந்த ஃபோர் ஸ்ட்ரோக்? மூன்று இன்ஜின்களை மேஜையில் வரிசையாக உட்கார வைத்துப் பெண் பார்க்க ஆரம்பித்தேன். முதலாவது, வெளிநாட்டில் கார்ட்டுக்கென்றே செய்தது. மூக்கும் முழியுமாக அழகுதான், ஆனால் ஒரு நட்டு தொலைந்தாலும் மறுபடி கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தானே இந்தப் பாடு? இரண்டாவது, பைக்கிலிருந்து கழற்றியது. ஸ்பேர் தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் ஊரில் உள்ள எல்லா மெக்கானிக்குக்கும் அதன் குடல் வரைக்கும் தெரியும். ஆளாளுக்கு ரகசியமாகக் குடைந்து, கடைசியில் ஓட்டத் தெரிந்தவரை விட்டுவிட்டுக் குடையத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார்.

மூன்றாவது, கயிற்றை இழுத்துக் கிளப்பும் சின்ன இன்ஜின். கட்டடம் கட்டுகிற இடத்தில் சிமெண்ட் கலக்கும் மிஷினில் பார்த்திருப்பீர்கள். வெயில், மழை, புழுதி எதற்கும் முகம் சுளிக்காது. எஸ்.ஜே.பி. ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஸ்பேர் கிடைக்கும். வேகத்தைக் கட்டிப்போட உள்ளே கவர்னர் என்று ஒரு சமாசாரம் உண்டு. அதை எடுத்துவிட்டால் இன்ஜினோடு சுழலும் பழைய ஃப்ளைவீல் சக்கரம் தாங்காது, ஆகவே பீன்யாவில் ஒரு பட்டறையில் சொல்லி அத்தனைக்கும் உறுதியாகப் புது ஃப்ளைவீல் கடைந்து வாங்கினேன். இதுதான் என்று முடிவு செய்தேன். ட்ராக் ஓரம் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிட்டில் என்னோடு வேலை செய்யும் ஒக்கலிபுரம் மூர்த்தி அண்ணன், வாழ்க்கை முழுக்க டூ ஸ்ட்ரோக்கோடு குடும்பம் நடத்தியவர். நான் கை காட்டிய இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ரெஜினா, இது மேஸ்திரி இன்ஜின்மா. இதை மாட்டுன வண்டியில நான் உக்காந்தேன்னா என் பேரை மாத்திக்கோ.”

ஹெல்மெட்டுக்குள் ஏழாம் நம்பர்

பழைய நாட்களில் ஆளுக்கொரு இன்ஜின், ஆளுக்கொரு ரகசியம். நான் அதை அடியோடு மாற்றினேன். இன்ஜின்கள் எல்லாம் எங்கள் ட்ராக் கிளப்புக்குச் சொந்தம். எல்லாம் ஒரே அளவு, ஒரே ஆயில், கம்பி கட்டி ஈயச் சீல் வைத்தவை. சீல் வைக்கிற குறடு என் இடுப்பில்தான் தொங்கும். ரேஸோ பிராக்டிஸோ, அன்று காலையில் நம்பர் எழுதிய சீட்டுகளை ஒரு ஹெல்மெட்டுக்குள் போட்டுக் குலுக்குவோம். யாருக்கு எது வருகிறதோ அதுதான். இன்னொரு விதியும் வைத்தேன்: ‘அவர் இன்ஜின் நல்ல இன்ஜின்’ என்று யாருக்காவது வயிறு எரிந்தால், ஜெயித்தவரிடம் தன் இன்ஜினைக் கொடுத்து அவருடையதை வாங்கி அடுத்த ரேஸை ஓட்டலாம். ஜெயித்தவர் மறுப்புச் சொல்ல முடியாது. எல்லா இன்ஜினும் ஒன்றுதான் என்று மார்தட்டியவள் நான், அப்புறம் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆனால் மனுஷ மனசுக்குச் சீல் வைக்க முடியாதே! முதல் பிராக்டிஸில் ஏழாம் நம்பர் இன்ஜின் கிடைத்தவர் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டார். அவ்வளவுதான், அடுத்த வாரத்திலிருந்து எல்லோருக்கும் ஏழுதான் வேண்டும். ஒருவர் சாமி கும்பிட்டுவிட்டுக் கையை விட்டார். ஒருவர் சீட்டைத் தடவித் தடவி, என்னமோ விரலுக்கு எழுத்துத் தெரியும் என்பதுபோல் நின்றார். அலட்டிக்கொள்ளாமல் எடுத்தது வித்யா ஒருத்திதான். சேலத்துப் பெண், இங்கே சாஃப்ட்வேர் வேலை. ஆபீஸ் கூட்டத்தோடு பொழுதுபோக்காக வாடகைக் கார்ட் ஓட்ட வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டவள். இப்போதெல்லாம் ரேஸுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த ரகம்தான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

“எனக்கு எந்த நம்பர் வந்தாலும் ஓகேக்கா. ஆபீஸ்ல லேப்டாப்பும் இப்படித்தான் குடுப்பாங்க, எல்லாமே ஸ்லோதான்.”

வாசனை

மேஸ்திரி இன்ஜின் என்று கிண்டல் செய்த மூர்த்தி அண்ணன் அதற்காக வராமல் இருந்துவிடவில்லை. நான் கூப்பிடாமலே வந்து, பெட்ரோல் என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். ஒரு பிராக்டிஸ் அன்று, வண்டிகள் கிளம்பிய இரண்டாவது சுற்றில் ட்ராக் முழுக்க நீலப் புகை. கார்ப்பரேஷன் கொசு மருந்து அடித்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. ஒவ்வொரு வண்டியாக இருமி இருமி நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரிக்கட்டை. முகர்ந்து பார்த்தேன், எனக்குப் புரிந்துவிட்டது. பழைய பழக்கத்தில் பெட்ரோல் கேன் எல்லாவற்றிலும் ஆயிலைக் கலந்து வைத்திருக்கிறார்! இந்த இன்ஜினுக்கு ஆயில் தனியாக அடிவயிற்றில் இருக்கிறது. பெட்ரோலில் கலந்தால் சாப்பாட்டில் விளக்கெண்ணெய் ஊற்றின மாதிரிதான்.

எல்லோர் முன்னாலும் கத்தித் தீர்த்தேன். ஐம்பது வயது தாண்டின மனுஷர், கையில் காலி கேனோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் அவரே உட்கார்ந்து ஒவ்வொரு பிளக்காகத் துடைத்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“அந்த ஆயில் வாசனை வரலேன்னா ஞாயித்துக்கிழமைன்னே தோண மாட்டேங்குதும்மா. கை தானா ஊத்திடுச்சு.”

புகார்தாரர் வந்தார்

பக்கத்து அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், பேங்கில் ரிடையர் ஆன கும்பகோணத்துக்காரர். எங்களைப் பற்றி எழுதப்பட்ட புகார்கள் எல்லாவற்றிலும் இருப்பது அவர் கையெழுத்துதான். ஒரு ஞாயிறு மதியம் அவர் கேட் வழியாக உள்ளே வருவதைப் பார்த்ததும், போச்சுடா என்று இடுப்பில் கை வைத்துச் சண்டைக்குத் தயாரானேன். உள்ளே ஆறேழு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எட்டி எட்டிப் பார்த்தார், காதில் விரலை விட்டுக் குடைந்தார், “ரெண்டு வாரமா சத்தமே வரலையே, மூடிட்டேளோன்னு பாக்க வந்தேன்” என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்ஜினைக் காட்டினேன், சைலன்சரைக் காட்டினேன், பெருமை தாங்காமல் சிமெண்ட் மிஷின் கதை முழுவதையும் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் கம்பி வேலி ஓரம் நின்று ஒரு மணி நேரம் பிராக்டிஸ் பார்த்தார். புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எங்க மாடியில ஜிம் ஒண்ணு வந்திருக்கு மேடம், காலங்கார்த்தால டமால் டமால்னு போடறா. அதுக்கும் ஏதாவது ஃபோர் ஸ்ட்ரோக் இருக்கோ?”

இம்ரானின் வலது கை

இம்ரான் எங்கள் ட்ராக்கின் பழைய சாம்பியன். குடும்பத்துக்கு டயர் கடை. டூ ஸ்ட்ரோக் நாட்களில் அவன் முன்னால் போனால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குச் சண்டை போடுவார்கள். அவன் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வந்தது எனக்குப் பெரிய கௌரவம். ஆனால் வந்த நாளிலிருந்து அவன் நாலாவது, ஐந்தாவதுதான். ஒவ்வொரு முறையும் ஹெல்மெட்டைக் கழற்றி, “இன்ஜின்ல தம்மே இல்லக்கா, நேர் ரோட்டுல மூச்சு வாங்குது” என்பான். சீட்டுக் குலுக்கி வேறு இன்ஜின் கொடுத்தாலும் அதே பாட்டு.

பொறுக்க முடியாமல் நானே நேர் ரோட்டின் முனையில் போய் நின்று பார்த்தேன். வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இம்ரானின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, பக்கத்தில் இருக்கும் இன்ஜினின் காற்று போகும் வாயைப் பொத்தியது. டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களின் வித்தை அது. ஒரு நொடி காற்றை மறித்தால் பெட்ரோலும் ஆயிலும் கூடுதலாக உள்ளே போய்ப் பிஸ்டனைக் காப்பாற்றும். நம் மேஸ்திரி இன்ஜினுக்கு அந்த உபகாரமே வேண்டாம், பொத்தினால் அதற்கு மூச்சு முட்டும். அவனைப் பத்துச் சுற்று ஓட விட்டு, கை இறங்கும்போதெல்லாம் முனையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பத்தாவது சுற்றில் கை இறங்கவில்லை. வண்டி சீறிக்கொண்டு போனது. இறங்கி வந்தவன் தன் வலது கையையே முறைத்துப் பார்த்தான்.

“வீட்ல பீவி என் வாயைப் பொத்தறா, இங்க வந்து நான் இன்ஜின் வாயைப் பொத்தறேன். பழைய ஆதத்து, பழக்கம்க்கா, ஒரே நாள்ல போகுமா?”

பன்னிரண்டாவது வண்டி

ரேஸ் நாள் வந்தது. சரியாகப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். காலையில் நான் கர்த்தரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. காய்ச்சல் வரவில்லை. ஆனால் ரேஸுக்கு முந்தைய வார்ம் அப் ஓட்டத்தில் வித்யாவின் ஆபீஸ்காரப் பையன் ஒருவன் டயர் சுவரில் போய் மோதினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு மட்டும் வீங்கிவிட்டது, ஓட்ட முடியாது. வண்டிக்கு அச்சு வளைந்துவிட்டது. மேட்டில் கௌடர் நின்றிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் மண்டபப் பார்ட்டி. கௌடர் விரல் நீட்டி வண்டிகளை எண்ணுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

என்னிடம் ஒரு ஸ்பேர் வண்டி இருந்தது, ஸ்பேர் இன்ஜினும் இருந்தது. உட்கார ஆள்தான் இல்லை. நான் ஸ்டார்ட் கோட்டில் நின்றால் மற்ற இன்ஜின்களுக்கு யார் பொறுப்பு? கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்போது யாரோ என் பின்னால் ஸ்பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தால் மூர்த்தி அண்ணன். எங்கிருந்தோ இரவல் வாங்கிய ரேஸ் உடுப்பு, வயிற்றருகே ஜிப் ஏற மறுத்தது. டியூனிங் பார்க்க இந்த ட்ராக்கில் அவர் ஓட்டாத வண்டி இல்லை, ஆனால் ரேஸ் என்று ஒரு நாளும் கோட்டில் நின்றதில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பன்னிரண்டாவது கட்டத்தில், அந்த மேஸ்திரி இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. பேர் பதிகிற பையன் ஓடி வந்து “சார், உங்க பேர் என்னன்னு எழுத?” என்றான்.

“ஏதாச்சும் புதுசா ஒண்ணு போட்டுக்கோப்பா, பழசை அந்த அம்மாகிட்ட தோத்துட்டேன்.”

இன்ஜினை மாற்று

அன்றைக்கு இரண்டு ரேஸ். முதல் ரேஸில் வித்யா ஜெயித்தாள். கடைசி வரை விரட்டிய இம்ரான் ஒரு மூக்கு நீளத்தில் இரண்டாவது. மூர்த்தி அண்ணன் எல்லோருக்கும் வழிவிட்டு, கடைசியாக, ஆனால் முழுதாக ஓட்டி முடித்தார். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். அடங்குவதற்குள் இம்ரான் என் எதிரில் வந்து நின்றான். “அவளுக்கு ஏழாம் நம்பர்க்கா. ரூல் இருக்கில்ல? மாத்து.”

வித்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப நான் ஓட்டினது யார் கண்ணுக்கும் தெரியலையா?” என்று ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்த வேகத்தில் ஸ்பேனர்கள் குதித்தன. எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, இரண்டு இன்ஜின்களையும் கழற்றி, சீலைக் காட்டி, இடம் மாற்றி மாட்டினேன். கோட்டில் பன்னிரண்டு வண்டியை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் இப்போது இம்ரான் சுலபமாக ஜெயித்துவிட்டால், எல்லா இன்ஜினும் ஒன்று என்ற என் பேச்சு அத்தோடு காலி. டூ ஸ்ட்ரோக்கை விட்டுப் போனதுபோல் இதையும் விட்டு எல்லோரும் போய்விடுவார்கள். அடுத்த மாதம் கோட்டில் நிற்க ஆளிருக்காது.

இரண்டாவது ரேஸில் இம்ரான்தான் முன்னால். ஏழாம் நம்பரோடு சுற்றுக்குச் சுற்று முன்னால். நான் நகத்தைக் கடித்துத் துப்பினேன். கடைசிச் சுற்றில், ஊசி வளைவில், அவன் கொஞ்சம் அகலமாகத் திரும்பினான். அந்தச் சந்தில் வித்யா உள்ளே நுழைந்தாள். இம்ரானின் பழைய இன்ஜினோடு, அவனுக்கு முன்னால் கோட்டைத் தாண்டினாள். நான் போட்ட கூச்சலில் இரண்டு ஸ்ட்ரோக், நாலு ஸ்ட்ரோக் எல்லாம் தோற்றுப்போயிருக்கும். இம்ரான் இறங்கிப் போய் வித்யாவுக்குக் கை கொடுத்துவிட்டு, என்னிடம் வந்தான்.

“டிரைவரை மாத்திக்கற ரூல் ஏதாச்சும் வெச்சிருக்கியாக்கா?”

கௌடர் தீர்ப்பு

அதற்குள் பிட்டில் பெரிய ரகளை. ஏழாம் நம்பரின் மவுசு போய்விட்டது. வித்யா இரண்டாவது ரேஸில் ஓட்டிய இன்ஜின் எனக்குத்தான் என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் எனக்கும் ஒரு வண்டி வேண்டும் என்று பார்க்க வந்த இரண்டு பேர் நடுவில் புகுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். மூர்த்தி அண்ணன் உடுப்பைக் கழற்றாமல், தன் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் சரியில்லை என்று என்னிடமே புகார் சொன்னார். முதல் ரேஸிலேயே முழு டிரைவர் ஆகிவிட்டார்! கௌடர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மண்டபப் பார்ட்டியின் கார் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சண்டையைச் சுற்றிப் பார்த்தார், சிரித்தார்.

“நோடும்மா, மண்டபத்துல ஒரு கல்யாணத்துக்கு ஒரு சண்டைதான் நடக்கும். இங்க ஒரே நாள்ல பன்னெண்டு சண்டை நடக்குது. இதையே நடத்து, ஜனம் தானா வரும்.”

சிமெண்ட் கலக்கப் பிறந்த ஓர் இன்ஜின், ஒரு கட்டடத்தை எழும்பவிடாமல் பார்த்துக்கொண்டது என்றால், என் தேர்வைப் பற்றி இனி எந்த மேஸ்திரியும் வாய் திறக்க வேண்டாம்.